ஸ்தோத்திரம் யாருக்கு?

நம் பக்கத்துக் கிறிஸ்தவத் தோழர்கள் சிலர், "திருவேற்காட்டுக் கருமாரியையும் மாங்காட்டுக் காமாட்சியையும் நீங்கள் கண்டித்து எழுதுவதைப் படித்தால் மிகவும் சந்தோஷமாயிருக்கிறது" என்று நம்மிடம் சொல்லுவதுண்டு. அவர்கள் சந்தோஷப்படுவதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் குப்பையைப் பெருக்கும்போது கைதட்டுகிறவர், தம் வீட்டு வாசலுக்குத் துடைப்பம் வந்தவுடன் கதவைச் சாத்திக் கொள்ளுவது நியாயமாகுமா? ஆகவே இந்த வாரம் அவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றையே எடுத்துக் கொள்ளுகின்றோம். அதாவது பண்டிகைக் காலங்களில் கடவுளுக்கு நன்றி சொல்லுதல் என்கின்ற விசேஷமாகும்.

கிறிஸ்து பிறந்த நாளுக்கு ஒரு ஸ்தோத்திரம். டிசம்பர் 31ந் தேதி நடுராத்திரி ஆராதனையில், போன வருஷம் முழுவதும் காப்பாற்றியதற்கு ஒரு ஸ்தோத்திரம். பிள்ளை பிறந்தால், பரீட்சை தேறினால், ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தால், மகனுக்கு உத்தியோகம் கிடைத்தால் ஸ்தோத்திரக் காணிக்கை. அதற்குக் கவரும் அச்சடித்து வைத்திருக்கின்றார்கள். இவ்வளவும் போதாதென்று ஸ்தோத்திரப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை என்று தனியாகவும் நடத்துகின்றார்கள். நற்கருணை என்னும் தலைமைச் சடங்குக்கு ஐரோப்பிய பாஷைகளில் வழங்கும் யூக்கரிஸ்ட் என்ற பெயருக்கே கிரேக்க பாஷையில் நன்றி கூறுதல் என்றுதான் அர்த்தம். ஆகையால் நன்றி என்பது அந்த மதத்தின் மூலையில் கிடக்கும் சாமான் அல்ல, நடுத்தூணே அதுதான்.

நன்றி நல்ல குணமென்பதை நாம் மறுக்கவில்லை. ஒருவன் செய்த உதவியை மறந்து திரிகிறவனை நாமும் மனிதனாக மதிப்பதில்லை. நாம் கேட்பதெல்லாம், அந்த நன்றி யாருக்குச் சேர வேண்டியது, யாரிடம் போய்ச் சேருகின்றது என்பதுதான்.

அம்பத்தூரையே எடுத்துக் கொள்ளுவோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர் அது. 1964ல் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன்பே சைக்கிள் கம்பெனி வந்துவிட்டது. பக்கத்து ஆவடியில் 1961ல் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது. வயலெல்லாம் மனைக்கட்டாகி, இன்றைக்கு அம்பத்தூர்க்காரன் அறுக்கிறதென்றால் லேத்துப் பட்டறையில் இரும்பை அறுத்தால்தான் உண்டு. ஆனாலும் சர்ச்சுகளில் அறுப்பின் பண்டிகை மாத்திரம் வருஷந் தவறாமல் நடக்கின்றது. வாசலில் கரும்பு கட்டுகின்றார்கள். வாழைத்தார், பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, கோழி, முட்டை எல்லாம் பீடத்துக்கு முன்னால் வந்து குவிகின்றன. எந்த வயலிலிருந்து? பெரும்பாலும் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து! காசு கொடுத்து வாங்கி வந்ததை, "உமது கரத்திலிருந்து வாங்கி உமக்கே கொடுக்கிறோம்" என்று படைக்கின்றார்கள். கோயம்பேட்டு வியாபாரி இதைக் கேட்டால், கரம் தன்னுடையதாயிற்றே என்று திகைத்துப் போவான்.

பிறகு ஏலம். ஐந்து ரூபாய் எலுமிச்சம்பழத்தை ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஏற்றுகிறவர்கள் உண்டு. எடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னவுடன் அவர் முகம் மலருகின்றது. ஏலம் கேட்க வகையில்லாத காண்ட்ராக்ட் கூலிக்காரன் தூணோரமாக நின்று வேடிக்கை பார்க்கின்றான். அந்த எலுமிச்சையைப் பறித்தவளுக்குக் கூலி என்ன கிடைத்தது, அந்த வாழைக்குத் தண்ணீர் கட்டியவனுக்கு அந்த வருஷம் மிஞ்சியதென்ன என்று மைக்குக்கு முன்னால் நின்று கேட்டவர் உண்டா? விளைவித்தவன் பெயரில்லை, ஏலம் எடுத்தவன் பெயரும் ஆண்டவன் பெயருமே அன்றைக்கு முழங்குகின்றன.

இந்தப் பண்டிகை ஏதோ அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்ததென்று யாரும் எண்ண வேண்டாம். பழைய ஏற்பாட்டில் யூதர்களுக்கு அறுப்புப் பண்டிகை இருந்தது உண்மை. ஆனால் இப்போது சர்ச்சில் நடக்கும் மாதிரியில் இதைத் தொடங்கி வைத்தவர், இங்கிலாந்தில் கார்ன்வால் சீமையில் மார்வென்ஸ்டோ என்னும் கிராமத்துப் பாதிரியாகிய ஹாக்கர், வருஷம் 1843. அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1833ல், அதே இங்கிலாந்தில் டார்செட் சீமையைச் சேர்ந்த டால்பட்டல் கிராமத்தில் ஆறு பண்ணைக் கூலிகள், "வாரக் கூலியை இதற்கு மேல் குறைக்காதே" என்று சங்கம் கட்டினார்கள். சத்தியப் பிரமாணம் செய்து கொண்டது குற்றமென்று சாக்குச் சொல்லி, அந்த ஆறு பேரையும் ஏழு வருஷ தண்டனை போட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் ஜார்ஜ் லவ்லெஸ் என்பவர் ஒரு மெதடிஸ்டு பிரசங்கி என்பதையும் கவனிக்க வேண்டும். கதிரை அறுத்தவனுக்குக் கடல் கடந்த தண்டனை. கதிருக்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரம். ஆதி முதலே இந்தப் பண்டிகையின் கூட்டுச் சரக்கு இதுதான்.

"அது வெள்ளைக்காரன் சங்கதி" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள வேண்டாம். 1968ம் வருஷம் கீழத் தஞ்சையில் கீழவெண்மணியில் என்ன நடந்தது? நெல் அறுக்கும் ஆதித்திராவிடக் கூலிகள் கொஞ்சம் கூடுதலாக நெல் கேட்டார்கள். அதற்காகப் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். தேதி எது? டிசம்பர் 25! உலகமெங்கும் சர்ச்சுகளில், பூமியிலே சமாதானம் என்று பாடி ஸ்தோத்திரம் சொன்ன அதே ராத்திரி. கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973ல் ஐக்கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது. செத்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லவே என்று யாராவது சொல்லக்கூடும். நாம் கேட்பது அதுவல்ல. அன்றைக்கு விருந்துண்டு "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடியவர்களின் இலையில் கிடந்த சோறு, யார் அறுத்த நெல்? அந்த நன்றி வெண்மணிக்குப் போயிருக்க வேண்டியதா, ஆகாயத்துக்குப் போயிருக்க வேண்டியதா?

நிற்க, அதே நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில்தான் வேளாங்கண்ணியும் இருக்கின்றது. நம் சென்னைப் பக்கத்திலிருந்து ஆவணி மாதம் காவி கட்டிக்கொண்டு அத்தனை தூரம் நடந்தே போகின்றவர்கள் இருக்கின்றார்கள். 2004ல் கிறிஸ்துமசுக்கு மறுநாள், 26-12-2004 ஞாயிற்றுக்கிழமை காலையில், பண்டிகைக்கென்று அங்கே வந்திருந்த ஜனங்கள் கடற்கரையில் நின்று கொண்டிருந்தபோது ஆழிப்பேரலை வந்து நூற்றுக்கணக்கானவர்களை வாரிக் கொண்டு போய்விட்டது. நன்றி செலுத்த வந்தவர்கள், நேர்ச்சை முடிக்க வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். கோவில் கட்டடத்துக்குள் மாத்திரம் தண்ணீர் வரவில்லை. உடனே, "பார்த்தீர்களா மாதாவின் அற்புதத்தை!" என்று ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்து விட்டார்கள்.

தோழர்களே, இதைவிடக் கொடுமையான ஸ்தோத்திரம் உண்டா? கல்லும் சுண்ணாம்பும் பிழைத்ததற்கு நன்றியாம். தன்னைத் தேடி வந்த தாயும் பிள்ளையும் செத்ததற்கு யாரிடம் கணக்குக் கேட்பது? பிழைத்தவன், "என்னைக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்லும்போது, பக்கத்திலே பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவள் காதில் அது எப்படி விழும்? "உன் பிள்ளையைக் காப்பாற்ற அவர் மனம் வைக்கவில்லை" என்றல்லவா விழும்? சுமத்திரா பக்கம் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அலை நம் கரைக்கு வந்தது. ஒரு எச்சரிக்கை, ஒரு சங்கு ஊதியிருந்தால் அத்தனை பேரும் நடந்தே தப்பியிருக்கலாம். இந்து மகா சமுத்திரத்தில் அப்படி எச்சரிக்கும் ஏற்பாடு அன்றைக்கு இல்லை. 2007ல் ஐதராபாத்தில் அதற்கென்று ஒரு நிலையம் ஏற்பட்டது. கடலுக்கடியில் கருவி வைத்து இராப்பகலாகக் கண் விழித்திருக்கும் அந்த விஞ்ஞானிகளுக்குக் கடற்கரை ஊர்ச் சர்ச்சுகளில் ஒரு ஸ்தோத்திரம் சொன்னால் அதில் அர்த்தமிருக்கிறதென்று நாமும் ஒப்புக் கொள்ளுவோம்.

நம் வீட்டு வாசலிலேயே பார்த்த வெள்ளமும் ஒன்று உண்டு. பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1ந் தேதி ராத்திரி விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்து விடப்பட்டது. அடுத்த மூன்று வாரத்தில் கிறிஸ்துமஸ். ஊரெங்கும், "வெள்ளத்திலிருந்து எங்களை மீட்டீர்" என்று ஸ்தோத்திரம். மீட்டவன் யார்? கடற்கரைக் குப்பங்களிலிருந்து படகைக் கொண்டு வந்து தெருத் தெருவாகத் தள்ளிக் கொண்டு போன மீனவன். தண்ணீர் வடிந்த பிறகு, அழுகிய குப்பையை அள்ள வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளி. இவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டதாவது ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் இன்னொரு பெரிய நஷ்டம் இருக்கின்றது. காத்தவர் கடவுள் என்று சொல்லிவிட்டால், முக்கியவர் யார் என்ற கேள்வியும் கூடவே முங்கிப் போகின்றது. மதகை முன்னாலேயே கொஞ்சங் கொஞ்சமாகத் திறக்காதது ஏன், ஆற்றங்கரையை அடைத்துக் கட்டடம் கட்ட விட்டது யார் என்பவைகளை யாரும் ஜெபத்தில் கேட்பதில்லை. அது மனிதர் செய்த கேடு என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. எந்தப் பிரசங்கியாரும் அதை வசனமாக எடுத்துப் பிரசங்கம் செய்ததாக நாம் கேள்விப்படவில்லை. ஆள்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான மதம் வேறு ஏது?

ஸ்தோத்திரப் பண்டிகையில் அடிக்கடி எடுத்துப் பேசும் கதை ஒன்று உண்டு. லூக்கா எழுதினதில் பதினேழாம் அதிகாரத்தில் இருக்கின்றது. பத்து குஷ்டரோகிகள் இயேசுவைக் கூப்பிட்டார்கள். அவர், போய் ஆசாரியர்களிடம் உங்களைக் காட்டுங்கள் என்றார். (வைத்தியரிடம் அல்ல, ஆசாரியரிடம்! மோசே சட்டப்படி சுத்தமானவன் அங்கே ஆட்டுக்குட்டியும் மாவும் எண்ணெயும் கொண்டு போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.) போகிற வழியில் பத்துப் பேரும் சொஸ்தமானார்கள். ஒருவன் மாத்திரம் திரும்பி வந்து நன்றி சொன்னான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டார். இதைச் சொல்லி, "நீங்கள் அந்த ஒருவனா, ஒன்பது பேரா?" என்று பிரசங்கியார் கேட்டவுடன் ஜனங்கள் வெட்கப்பட்டுக் கவரைத் தேடுகின்றார்கள்.

இந்தக் கதையின் உண்மைப் பதிப்பு நம் செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றது. திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது; 1955ல் மத்திய சர்க்கார் அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. அங்கே டாக்டர் காக்ரேன் என்பவர் 1940களில் சல்போன் மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பரீட்சை செய்து, அந்த நோய் தீரக்கூடியதென்று உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவரானார். அந்தக் கிருமியை 1873ல் கண்டவர் நார்வே தேசத்து ஹான்சன். 1982 முதல் மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. மாத்திரை சமாரியன் யார், யூதன் யார், திரும்பி வந்து காலில் விழுந்தவன் யார் என்று பார்ப்பதில்லை. பத்துப் பேர் விழுங்கினால் பத்துப் பேருக்கும் வேலை செய்கின்றது. ஒன்பது பேர் எங்கே என்று கேட்பதுமில்லை.

"காக்ரேன் மிஷன் டாக்டர்தானே, கிறிஸ்தவர்தானே?" என்பீர்கள். ஆமாம். அதனால்தான் அவருக்கு நன்றி சொல்லுங்கள் என்கின்றோம். "அவருக்குப் புத்தியைக் கொடுத்தவர் கடவுள்" என்று அடுத்தபடி சொல்லுவீர்கள். அப்படியானால் அந்தப் புத்தியை ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவரும் அவரே ஆகின்றார். அதற்குள் விரல் தேய்ந்து, மூக்கு அழுகி, ஊருக்கு வெளியே துரத்தப்பட்டுச் செத்தார்களே, அவர்கள் எதற்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்? புத்தியைக் கொடுத்தவர் அவர் என்றால் கிருமியைக் கொடுத்தவர் யார்?

மிஷன்காரர்கள் செய்த நன்மையை மறைப்பது நம் வழக்கமல்ல. தீண்டப்படாதவன் என்று தள்ளி வைத்தவன் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்பத்தூரும் பூந்தமல்லியும் செங்கற்பட்டு ஜில்லாவாயிருந்த அந்தக் காலத்தில், பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்ற அநியாயத்தைச் சர்க்கார் காதில் விழச் செய்தவர்களில் பாதிரிமாரும் உண்டு. கலெக்டர் டிரமன்ஹீர் அதை விசாரித்து அறிக்கை எழுதினார். 1892ல் உத்தரவு பிறந்தது. அதிலிருந்து வந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தைப் பிறகு மற்றவர்கள் பிடுங்கிக் கொண்டபோது திருப்பிக் கேட்டுப் போராடி, 10-10-1994ல் செங்கற்பட்டில் போலீசார் சுட்டு மாண்டவர்கள் இருவர்: ஒருவர் பெயர் ஜான் தாமஸ், ஒருவர் பெயர் ஏழுமலை. நிலத்துக்காக உயிரைக் கொடுத்தவன் பெயர் அறுப்பின் பண்டிகையன்று எத்தனை கோவிலில் வாசிக்கப்படுகின்றது?

இனி, நன்றி என்று பெயர் வைத்த அந்த நற்கருணைக்கு வருவோம். ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்பது அதன் தத்துவம். நம் தமிழ்நாட்டில் நடந்ததென்ன? ஒரே பாத்திரத்தில் எல்லோரும் வாய் வைப்பதா என்று உயர்ந்த சாதிக் கிறிஸ்தவர்கள் தகராறு செய்தார்கள். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833ல், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் இயேசுவை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்கிற மாதிரி கோவிலை விட்டு வெளியேறினார்கள். கீர்த்தனைகளுக்குப் பேர் போன வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்குப் பரிந்து எழுதினவர்தான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்துப் பிணத்தையும் சாதிப்படி பிரித்தார்கள். 2003ல் ரோமாபுரியில் போப் தமிழ்நாட்டுப் பிஷப்புகளைக் கூப்பிட்டு வைத்து, சாதி வித்தியாசம் கூடாதென்று சொன்னார். ஐந்து வருஷத்தில், 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் ஜில்லா எறையூரில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டதில் கலகமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். 2016ல் இந்தியக் கத்தோலிக்க பிஷப்புகளே தங்கள் சபைக்குள் தீண்டாமை இருக்கின்றதென்று எழுத்து மூலம் ஒப்புக் கொண்டார்கள்.

இதில் சர்க்காருடைய வேடிக்கை வேறு. 10-8-1950ல் வந்த உத்தரவின்படி ஆதித்திராவிடன் கிறிஸ்தவனானால் அட்டவணைச் சாதி உரிமை போய்விடும். 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தவர்கள் கிறிஸ்தவனுக்குத் திறக்கவில்லை; காரணம், கிறிஸ்து மதத்தில் சாதி இல்லையாம்! கோவிலில் சாதி உண்டு, சலுகையில் சாதி இல்லை. ஆதலால், ஒரு ஏழைக் குடும்பம் கிறிஸ்துமசன்று எல்லாரும் பார்க்க நின்று நன்றி சொன்னால் பிள்ளையின் சர்டிபிகேட்டுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் பாதிரியார் முகஞ்சுளிப்பு. இந்த நன்றியின் விலை யார் தலையில் விழுகின்றதென்று பார்த்துக் கொள்ளுங்கள்.

"உங்கள் தமிழன் பொங்கலில் சூரியனுக்கு நன்றி சொல்லவில்லையா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சூரியனுக்குச் சொல்லுவதும் வீண்தான். அது நம்மைக் கேட்டு உதிப்பதில்லை. ஆனால் மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டிப் பொங்கலை ஊட்டுகிறோமே, அதிலாவது உழைத்த மாடு தின்கின்றது. அதற்கும் அடுத்தபடி உழைத்த ஆளுக்கு ஊட்ட வேண்டும் என்பதுதான் நம் கட்சி. வருஷப் பிறப்பன்று வாக்குத்தத்த அட்டையை உருவி, இந்த வருஷம் என்ன வசனம் வந்தது என்று பார்ப்பதைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. பூந்தமல்லி ரோட்டில் கிளி சீட்டு எடுப்பதைப் பார்த்திருப்பவர்கள் தாங்களே ஒத்துப் பார்த்துக் கொள்ளலாம். கிளிக்கு நெல்லாவது கொடுக்கின்றார்கள்.

ஆகவே நம் பக்கத்துக் கிறிஸ்தவத் தோழர்களை நாம் கேட்டுக் கொள்ளுவது இவ்வளவுதான். வருகிற பண்டிகையில் ஏலத்தைத் தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் தெருச் சாக்கடையில் இறங்குகிறவரைக் கூப்பிட்டு முன் பெஞ்சியில் உட்கார வையுங்கள். வீட்டில் பிரசவம் பார்த்த நர்ஸம்மாள் பெயர், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பெயர், பட்டறையில் விரலைப் பறிகொடுத்தவன் பெயர் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் படியுங்கள். ஏலப் பணத்தில் இவர்களுக்கு என்ன பங்கு என்று சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். அப்போது எதிர்த்து எழுந்திருப்பவர் யார் யார் என்று கவனித்து வையுங்கள்.

இதற்குப் பாதிரிமாரோ, பாஸ்டர்களோ, கமிட்டி அங்கத்தினர்களோ பதில் எழுதினால் ஒரு வரிகூடக் குறைக்காமல் நம் பத்திரிகையில் வெளியிடுவோம். போன வருஷத்து ஏலக் கணக்கையும் கூட வைத்து அனுப்பினால் அதற்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.